கபடிக் களத்தில் பிள்ளைகளைத் திட்ட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை. குறுவட்ட, மாவட்டக் கபடிப் போட்டிகளுக்கு இன்னமும் நடுவராகக் கூப்பிடுகிறார்கள், போகிறேன். களத்தின் எல்லைக் கோட்டருகே நிற்பதால் பயிற்சியாளர்கள் பிள்ளைகளிடம் பேசுவதெல்லாம் காதில் விழுகிறது. பல நாள் அது தாங்க முடியாமல் இருக்கிறது.

இந்த ஆண்டு, 17 வயதுக்குட்பட்ட மாணவியர் ஆட்டம் ஒன்று. எதிரணி ரைடர், அதாவது பாடி வருகிறவள், வந்து வந்து போனஸ் கோட்டைக் காலால் தாண்டிப் புள்ளி எடுத்துப் போகிறாள். இடது கார்னரில், அதாவது ஓரத்தில், பிடிக்க நின்ற பிள்ளைக்குக் கை ஓடவில்லை. "எருமை மாதிரி நிக்கிறியே, உன்னைப் போய் டீம்ல சேர்த்தேன் பாரு" என்று அவளுடைய சார் வெளியிலிருந்து கத்துகிறார். கூட்டத்தில் அவள் அப்பாவும் நிற்கிறார். அதற்குப் பிறகு அவள் ரைடரின் காலைப் பார்க்கவே இல்லை, சாரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கார்னர் ஒரு நொடி கண்ணை எடுத்தாலும் போச்சு.

அடுத்த ஆட்டத்தில் வேறொரு பள்ளிக்கும் இதே சிக்கல்தான். டைம் அவுட் 30 விநாடி. அந்த டீச்சர் குத்தவைத்து உட்கார்ந்து கார்னர் பிள்ளையிடம் கேட்டார்: "எந்தக் காலை உள்ள விடுறா?" "வலது கால் டீச்சர், எப்பவும் அதேதான்." "அப்ப நீ எதைப் பார்க்கணும்?" "அந்தக் காலை." "பிடி. தப்பினாலும் உன்னை மாத்த மாட்டேன்." முதல் பிடி நழுவியது. டீச்சர் வாயே திறக்கவில்லை. அடுத்த ரெய்டில் கணுக்கால் கையில் சிக்கியது, துணைப் பிடிக்குக் கவரில் நின்றவள் பாய்ந்து வந்து சேர்ந்துகொண்டாள்.

கத்தினால்தான் ரோஷம் வரும் என்பார்கள். ரோஷம் வருவது உண்மைதான். ஆனால் அந்த ரோஷத்தோடு பாடப் போகிறவள் பாக் லைனை, அதாவது ரைடர் கட்டாயம் தாண்ட வேண்டிய கோட்டை, கடந்ததும் திரும்பாமல் இன்னும் உள்ளே போவாள், கைகோத்து நிற்பவர்களின் செயினில் மாட்டுவாள். ஒரு ரெய்டுக்கு இருப்பது 30 விநாடி. மூச்சு விடாமல் பாடிக்கொண்டே ஏழு பேரின் கைகால்களைக் கவனிக்க வேண்டும். அதற்குள் வெளியிலிருந்து "போனஸ் போ", "டச் எடு", "வந்துரு" என்று மூன்று குரல் வந்தால் எதைக் கேட்பாள்? பாடிப் போனவரை அவர் அணியினரே எச்சரிக்கக் கூடாது, மீறினால் எதிரணிக்கு ஒரு புள்ளி என்பது கபடியின் விதி. பள்ளிப் போட்டிதானே என்று நடுவர்கள் விட்டுவிடுகிறார்கள். நான் விடுவதில்லை.

பரிசு வரவில்லையென்றால் பயிற்சியாளருக்கும் பேச்சு விழுகிறது, பி.டி. பீரியடைக் கணக்கு சார் வாங்கிக்கொள்கிறார், எல்லாம் தெரியும். அதற்காக அந்தக் கோபம் பிள்ளை மேல் இறங்கக் கூடாது. பெண் பிள்ளைகளை டென்த்தோடு நிறுத்திவிட வீட்டில் காரணம் தேடிக்கொண்டிருப்பார்கள். ஊர் முன்னால் மகள் திட்டு வாங்குவதைப் பார்க்கும் அப்பாவுக்கு அந்தக் காரணத்தை நாமே எடுத்துக் கொடுக்கிறோம். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்திய மகளிர் கபடி அணி தங்கம் வென்றது. அந்த அணியில் ஆடிய கண்ணகி நகர் கார்த்திகாவைப் பார்த்து ஆசைப்பட்டுக் களத்துக்கு வரும் பிள்ளைகளை எங்கள் பக்கத்திலும் பார்க்கிறேன். அவர்கள் நிலைப்பது பயிற்சியாளரின் வாயில் இருக்கிறது.

தோற்ற அன்று வேனில் ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் பேச வேண்டாம். வயிறாரச் சாப்பிட வையுங்கள். மறுநாள் கோட்டில் நிறுத்தி, "எங்க மாட்டின, காட்டு" என்று கேளுங்கள். பிள்ளைகள் நம்மைவிடச் சரியாகச் சொல்வார்கள்.

போட்டிகளுக்கு முன் உடற்கல்வி ஆசிரியர்களுக்கு நடக்கும் கூட்டத்தில் விதிகளும் அட்டவணையும் மட்டுமே பேசப்படுகின்றன. பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவது என்பதற்கும் அதில் ஒரு மணி நேரம் ஒதுக்குமாறு மாவட்ட உடற்கல்வி ஆய்வாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். என்னை அழைத்தால் என் செலவிலேயே வந்து பேசுகிறேன்.

– ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை, சாத்தூர்