செயலரின் ஆண்டறிக்கை: பெரிய மீனும் சிறிய படகும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்கத் தோழர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான விவரங்களை முதலில் முடித்துவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. புதிதாகச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் கரையில் நின்று தூண்டில் போட்டுப் பழகியவர்கள்; கயாக் என்னும் ஒடுக்கமான சிறு படகில் உட்கார்ந்து பிடிப்பது அவர்களுக்குப் புதிது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார், நான் அந்தப் பக்கம் போகவில்லை. மீனை நீரிலிருந்து அள்ளும் சங்கத்துக் கைவலைகளில் ஒன்று இன்னும் திரும்பி வரவில்லை. எடுத்துப் போனவர் இதே அறையில் உட்கார்ந்திருக்கலாம். கூட்டம் முடிந்ததும் காதோடு காதாகச் சொன்னால் போதும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முன்பெல்லாம் உறுப்பினர்கள் கேட்டது “மீன் ஏன் கடிக்கவில்லை?” என்றுதான். இந்த ஆண்டு பலரும் கேட்டது வேறு: “பெரிய மீன் மாட்டிவிட்டது, பக்கத்திலும் வந்துவிட்டது, அப்புறம் என்ன செய்வது?” செயற்குழு தன் பயிற்சி நேரத்தில் பெரும்பகுதியை இதற்கே ஒதுக்கியது. எனவே அறிக்கையின் பெரும்பகுதியும் இதைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

நமது விபத்துப் பதிவேட்டைப் புரட்டினால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. மீன் ஓடிக்கொண்டிருக்கும்போது யாரும் கவிழவில்லை. கவிழ்ந்தவர்களும் கவிழப் பார்த்தவர்களும், மீன் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்த பிறகே மாட்டிக்கொண்டார்கள். காரணம் எளிது. மீன் முன்னால் ஓடும்போது கயாக்கும் அதன் பின்னாலேயே போகிறது. இழுவை படகின் நீளவாக்கில் விழுவதால் ஆபத்து குறைவு. பக்கவாட்டில் வந்துவிட்டால் கதை மாறுகிறது. மீன்பிடிக் கயாக்கின் அகலம் பொதுவாக 75 முதல் 90 சென்டிமீட்டர்தான். மீனின் எடை ஒரு பக்கம் இழுக்க, எட்டிப் பார்க்கும் மனிதரின் தலையும் தோளும் அதே பக்கம் சாய்கின்றன. தலை படகின் விளிம்பைத் தாண்டக் கூடாது என்று பயிற்சியாளர் ஒவ்வொரு வகுப்பிலும் கத்தியது இதனால்தான்.

முதல் வகுப்புகள் மீனைக் களைக்கச் செய்வது பற்றி. டிராக்கை, அதாவது நரம்பைச் சுற்றிவைக்கும் ரீலில் உள்ள பிரேக்கை, எவ்வளவு இறுக்குவது என்பதில் ஆளுக்கொரு கணக்கு வைத்திருந்தோம். நரம்பின், அதாவது தூண்டில் இழையின், தாங்குதிறனில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை என்ற பொது விதியையே எடுத்துக்கொண்டோம். 10 கிலோ நரம்பு என்றால் இரண்டரையிலிருந்து ஏறக்குறைய மூன்றேகால் கிலோ. கையால் இழுத்துப் பார்த்து மதிப்பிடாமல், சுருள்வில் தராசில் மாட்டிப் பார்க்கச் சொன்னோம். பலர் நினைத்ததைவிட மிக அதிகமாக இறுக்கி வைத்திருந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது. கயாக் தானே மீனோடு நகர்ந்து கொடுப்பதால், அதையும் இரண்டாவது டிராக் என்று எண்ணிக்கொள்ளலாம். மீன் படகை இழுத்துப் போகட்டும். ராடு, அதாவது தூண்டில் கோல், படகின் முகப்பை நோக்கியே இருக்கட்டும். களைக்கிற வேலையை அது தானாகவே பார்த்துக்கொள்ளும்.

நங்கூரம் போட்டிருப்பவர்களுக்கு இது பொருந்தாது. நங்கூரத்தில் நிற்கும் கயாக்கால் மீனின் பின்னால் போக முடியாது. நீரோட்டம் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அதனால் நங்கூரக் கயிற்றை ஒரே இழுப்பில் கழற்ற முடிய வேண்டும், அதன் முனையில் மிதவை இருக்க வேண்டும். மீன் மாட்டியதும் கழற்றிவிட்டுப் போய், பிறகு வந்து மிதவையை எடுத்துக்கொள்ளலாம். இந்த யோசனை ஒன்றும் புதிதல்ல. கயாக்கை உலகுக்குத் தந்த ஆர்க்டிக் இனுயிட் வேட்டைக்காரர்கள் சீல் என்னும் கடல்நாய்களை எறிஈட்டியால் பிடித்தபோது, ஈட்டிக் கயிற்றின் மறுமுனையில் காற்றடைத்த சீல் தோல் மிதவையைக் கட்டினார்கள். குத்துப்பட்ட விலங்கு மிதவையை இழுத்து இழுத்துக் களைத்தது. வேட்டைக்காரர் கயாக்கில் நிதானமாகப் பின்தொடர்ந்தார். பெரிய உயிரைச் சிறிய படகோடு இறுகக் கட்டாதே என்பதை அவர்கள் எப்போதோ புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

மீன் படகுக்கடியில் புகுந்தால் என்ன செய்வது என்பதற்குத் தனி வகுப்பு வைத்தோம். சூரை மீன் கடைசி நேரத்தில் வட்டமடித்தே தீரும். ராடை விளிம்பின் மேல் அழுத்திப் பிடித்தால் ராடு ஒடியும், இல்லையென்றால் படகு சாயும். ராடின் நுனியை நீருக்குள் இறக்கி, முகப்பையோ பின்பக்கத்தையோ சுற்றிக் கொண்டுவர வேண்டும். பெடல் கயாக் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு: மீன் அருகில் வருமுன் அடியில் இருக்கும் பெடல் தகடுகளையும் சுக்கானையும் மேலே தூக்கிவிட வேண்டும். நரம்பு அவற்றில் சுற்றி அறுந்து நல்ல மீன் போன கதை இந்த ஆண்டும் நம்மிடம் உண்டு. சொந்தக்காரர் கேட்டுக்கொண்டதால் பெயரைச் சொல்லவில்லை.

இனி அந்தக் கடைசி ஒரு முழம். ராடை நேர் செங்குத்தாகத் தூக்கி மீனைப் பக்கத்தில் கொண்டுவரப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்வது. ராடின் நுனி ஒடிவதும் அப்போதுதான். ராடின் நீளத்துக்கு ஏறக்குறைய சமமாக நரம்பை வெளியே விட்டுவிட்டு, ராடு பிடித்த கையைப் பின்னால் கொண்டுபோனால், மீன் தானாக மறு கையின் அருகில் வந்து சேரும். அந்த நேரத்தில் டிராக்கைச் சற்றுத் தளர்த்திவிடுங்கள். படகைப் பார்த்ததும் மீன் கடைசியாக ஒருமுறை பாயும். அதற்கு நரம்பு இடம் கொடுக்க வேண்டும். பிரெய்டு என்னும் பின்னிய நரம்பைக் கையில் சுற்றிப் பிடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. பெரிய மீன் ஓடினால் அது விரலை அறுத்துவிடும்.

கால்களைப் பற்றிச் சொன்னபோது சிலர் சிரித்தார்கள். செய்து பார்த்த பிறகு யாரும் சிரிக்கவில்லை. இரு கால்களையும் படகின் இரு பக்கமும் தண்ணீரில் தொங்கவிட்டு உட்கார்ந்தால், படகின் நிலைத்தன்மை கண்கூடாகக் கூடுகிறது. சுறா நடமாட்டம் உள்ள இடத்தில் மட்டும் இந்த யோசனையை மறந்துவிடுங்கள்.

கைவலையா, கேஃபா என்ற விவாதம் இரண்டு கூட்டங்களைத் தின்றுவிட்டது. கேஃப் என்று நாம் சொல்வது, மீனைக் குத்தி இழுக்கும் கொக்கிக் கம்பு. என் கருத்தை மறைக்கவில்லை: தனியாகப் போகிறவருக்கு, மீன் வலைக்குள் அடங்குமானால் வலையே நல்லது. ஆனால் வலையால் மீனைத் துரத்தக் கூடாது. வலையை முன்கூட்டியே நீருக்குள் அசையாமல் வைத்துக்கொண்டு, மீனின் தலை முதலில் அதற்குள் நுழையும்படி வழிநடத்த வேண்டும். மூன்று முள் கொக்கி உள்ள லூர்களோ, அதாவது செயற்கை இரைகளோ, வலையில் சிக்கிக்கொண்டு உயிரை எடுக்கும். ரப்பர் வலை என்றால் தொல்லை குறைவு. கேஃப் தரப்பினரும் நியாயமாகத்தான் பேசினார்கள். வலைக்குள் அடங்காத நீளமான வஞ்சிரத்தை வேறு எப்படி எடுப்பது? அதை ஏற்றுக்கொண்டோம், ஆனால் சில நிபந்தனைகளுடன். வீட்டுக்குக் கொண்டுபோகும் மீனுக்கு மட்டும்தான் கேஃப். முனைக்கு உறை வேண்டும். கயிறு போட்டு மணிக்கட்டில் கட்டக் கூடாது. காற்றடைத்த கயாக் வைத்திருப்பவர்கள் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.

மீன்பிடிச் சாதனைகளைப் பதிவு செய்யும் சர்வதேச அமைப்பான ஐ.ஜி.எஃப்.ஏ.வின் விதிகளில் கேஃபின் நீளம் 8 அடியைத் தாண்டக் கூடாது என்று இருப்பதை ஓர் உறுப்பினர் சுட்டிக்காட்டினார். உண்மைதான், ஆனால் கயாக்கில் 8 அடிக் கம்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மூன்றடி இருந்தாலே தாராளம். அதே விதிகளில் நமக்குப் பயன்படுவது வேறொன்று. சாதனைப் பதிவை நாடுகிறவரின் ராடையும் ரீலையும், மீனோடு போராடும் நேரத்தில் இன்னொருவர் தொட்டால் அந்த மீன் கணக்கில் வராது. ஆனால் பக்கத்துக் கயாக்கில் வந்தவர் லீடரை, அதாவது நரம்பின் முனையில் கட்டும் தனி இழையை, பிடித்துக் கொடுக்கலாம், கேஃப் போடலாம். ஆகவே உதவிக்கு வருபவரைப் “தொடாதே, தொடாதே” என்று விரட்ட வேண்டியதில்லை.

அடுத்தது மீனைப் பத்திரப்படுத்துவது. இந்த ஆண்டில் நான் மிகவும் முக்கியமாகக் கருதுவது இதைத்தான். திமிறுகிற பெரிய மீனை உயிரோடு மடியில் தூக்கிப் போடாதீர்கள். கடல்விரால் இதில் பேர்போனது: அருகில் வரும்வரை சாதுவாக இருந்துவிட்டு, படகில் ஏறியதும் கையில் கிடைத்ததையெல்லாம் உடைக்கும். சீலாவுக்கும் வஞ்சிரத்துக்கும் பல் இருக்கிறது. அவற்றின் வாயில் தொங்கும் லூரில் முட்கள் வேறு. உங்கள் கால்களோ வெறுங்கால்கள். எனவே மீன் நீரில் இருக்கும்போதே வாலின் ஒடுங்கிய பகுதியில் சுருக்குக் கயிறு போடுங்கள், தலையில் கட்டையால் அடித்து மயக்குங்கள். கண்ணுக்குச் சற்றுப் பின்னும் மேலுமாகக் குத்தி மூளையைத் தாக்கும் ஜப்பானிய முறை தெரிந்தவர்கள் அதைச் செய்யலாம். மீனுக்கும் வேதனை குறைவு, சதையும் கெடாது. அசைவு நின்ற பிறகு ஏற்றுங்கள். ஏற்றியதும் இரு கால்களுக்கும் நடுவில், படகின் மையக் கோட்டில் கிடத்துங்கள். தூண்டில் முள்ளை எடுக்க நீண்ட மூக்குக் குறடு வேண்டும், விரல் உதவாது. செவுளை அறுத்து ரத்தம் வடியவிட்ட பிறகு பையில் போடுங்கள். சுறா உள்ள நீரில் அந்த ரத்தத்தைக் கடலில் சொட்டவிடாமல் பைக்குள்ளேயே வடியவிடுங்கள்.

மீனைக் கயிற்றில் கோத்து நீரில் இழுத்து வருவதைப் பற்றியும் சண்டை நடந்தது. அமைதியான ஏரியில் பரவாயில்லை. அங்கும்கூடக் கயிறு ஒரே இழுப்பில் கழலும்படி இருக்க வேண்டும். இறுகிய முடிச்சு கூடாது. கடலில் வேண்டவே வேண்டாம் என்று முடிவு செய்தோம். சுறா வந்து பிடித்தால் அது இழுப்பது மீனை மட்டுமல்ல.

பையில் ஐஸ் இருக்க வேண்டும் என்பதற்கு ருசி மட்டும் காரணமல்ல. சூரை, வஞ்சிரம் போன்ற மீன்கள் வெயிலில் கிடந்தால் பாக்டீரியாக்களால் அவற்றில் ஹிஸ்டமின் உருவாகிறது. ஒருமுறை உருவாகிவிட்டால் வேகவைத்தாலும் போகாது, உறையவைத்தாலும் போகாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, தலை வலித்து, வாந்தி வரும். உருவாகாமல் தடுக்க வேண்டுமானால் பிடித்த உடனே குளிரவைத்து, 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வைத்திருக்க வேண்டும். ஐஸ் கட்டிகளோடு கொஞ்சம் கடல்நீரையும் ஊற்றினால் மீனைச் சுற்றிலும் குளிர் படர்ந்து, வேகமாகக் குளிரும்.

பிடித்த மீனைத் திரும்ப நீரில் விடுகிற உறுப்பினர்களின் குறிப்பையும் சேர்க்கிறேன். பெரிய மீனை, அதன் வாயைக் கவ்விப் பிடிக்கும் லிப் கிரிப்பில் மாட்டிச் செங்குத்தாகத் தொங்கவிட்டு எடை பார்ப்பது அதன் தாடையையும் உள்ளுறுப்புகளையும் சேதப்படுத்தும். ஒரு கையை வயிற்றுக்கடியில் கொடுத்துக் கிடைவாக்கில் பிடியுங்கள், கையை நனைத்துக்கொள்ளுங்கள். படம் எடுப்பவர் தயாரான பிறகே நீரிலிருந்து தூக்குங்கள். விடும்போது தலையை நீரோட்டத்தின் எதிர்த்திசையில் வைத்து, அது தானாகத் துள்ளும்வரை பிடித்திருங்கள்.

மீண்டும் ஏறும் பயிற்சிக்கு வந்தவர்கள் குறைவு என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன். கவிழ்ந்த கயாக்கை நிமிர்த்தி, காலை உதைத்து, வயிற்றால் ஏறி, திரும்பி உட்கார்வது நிதானமாக இருக்கும்போது சுலபம். லைஃப் ஜாக்கெட்டோடும் நனைந்த உடையோடும் அலையில் செய்வது வேறு. மீன் சம்பந்தப்பட்ட வகுப்பென்றால் அறை நிரம்புகிறது. தண்ணீரில் விழும் வகுப்பென்றால் எல்லோருக்கும் அன்றைக்கென்று வேலை வந்துவிடுகிறது.

செயற்குழு இன்று உங்கள் ஒப்புதலுக்கு வைக்கும் தீர்மானங்கள் மூன்று. சங்கத்தின் கடல் பயணங்களில் மீனைக் கயிற்றில் கோத்து இழுத்து வருவதைத் தடை செய்வது. இரு கையாலும் எட்டும் இடத்தில், நரம்பறுக்கும் கத்தி இல்லாமல் யாரையும் புறப்பட அனுமதிக்காமல் இருப்பது. மீண்டும் ஏறும் பயிற்சியை முடிக்காதவர்களுக்கு அடுத்த ஆண்டுமுதல் கடல் பயணத்தில் இடம் தராமல் இருப்பது. மூன்றாவதற்கு எதிர்ப்பு வரும் என்று தெரியும், பேசுவோம்.

பயிற்சியாளருக்கும், அவரிடம் கத்து வாங்கிய தன்னார்வலர்களுக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி. அடுத்த பயிற்சிக்குப் பெயர் கொடுக்க விரும்புவோர் வாசலில் இருக்கும் பதிவேட்டில் எழுதிவிட்டுப் போகலாம். இப்போது பொருளாளரைக் கணக்கு வாசிக்க அழைக்கிறேன்.