காஷுவால்டிக்குள் ஸ்கேன் கருவியை அனுமதியுங்கள்

தமிழக மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், கருவின் பாலினம் அறிதல் தடைச் சட்டத்தை மாநிலத்தில் நடைமுறைப்படுத்தும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

அரசு மருத்துவமனையில் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் மருத்துவன் நான். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். காஷுவால்டியில் உயிருக்கு ஆபத்தான நிலையில் வருகிறவர்களைப் பார்க்கும் சிவப்புப் பகுதியில், நோயாளியின் கட்டிலை ஒட்டியே ஓர் அல்ட்ராசவுண்ட் கருவி இருக்க வேண்டும். நள்ளிரவானாலும் அங்கே டியூட்டியில் இருக்கும் மருத்துவர் யாரையும் எழுப்பாமல், சாவியைத் தேடாமல், பயப்படாமல் அதைக் கையில் எடுக்க வேண்டும். பெரிய மருத்துவக் கல்லூரிகள் சிலவற்றில் இது நடக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனை, தாலுகா மருத்துவமனை என்று கீழே வர வர, கருவி இருந்தாலும் அது வேறொரு கட்டடத்தில் பூட்டிய அறைக்குள் இருக்கிறது. நான் வேலை பார்த்த இடங்களில் இதற்குப் பணம் தடையாக இருந்ததில்லை. கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டப்படி ஸ்கேன் செய்யும் இடமும் மருத்துவரும் பதிவாகியிருக்க வேண்டும். அதனால் வரும் பதிவு, படிவம், சீல், வழக்கு என்ற பயம்தான் தடை.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. 2008-ல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. அப்புறம் விபத்து மற்றும் அவசர சிகிச்சைக்கென்று தனி முன்னெடுப்பு வந்து, வருகிறவர்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்துப் பார்க்கப் பழகினோம். 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அரசே கொடுக்கும் என்றது. அடிபட்டவரை எங்கே கொண்டுபோவது, யார் பணம் கட்டுவது என்று ரோட்டிலேயே நடக்கும் பேச்சு அதனால் குறைந்தது. மருத்துவப் பணிகள் கழகம் மூலமாக சி.டி. ஸ்கேன் இன்று மாவட்ட மருத்துவமனைகளில் சாதாரணமாகிவிட்டது. இவ்வளவும் தேவைதான். 2022-ல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் பதிவாகின. இந்திய மாநிலங்களிலேயே அதுதான் அதிகம். இறந்தவர்கள் 17,884 பேர். இந்தக் கணக்கில் நமக்கு முன்னால் இருந்தது உத்தரப் பிரதேசம் மட்டும்.

படம் எடுப்பது என்ற வேலையே மாறிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 1971-க்கு முன்னால் தலையில் அடிபட்டு மயங்கிக் கிடப்பவரின் மண்டைக்குள் ரத்தம் கட்டியிருக்கிறதா என்று நேராகப் பார்க்க வழியில்லை. கண்மணி விரிந்திருக்கும் பக்கத்தை வைத்து ஊகித்து மண்டையில் துளை போட்டுப் பார்த்தார்கள். அந்த வருடம் அக்டோபரில் லண்டன் விம்பிள்டனில் ஒரு பெண்ணின் மூளையை முதன்முதலாக சி.டி. கருவி படம் பிடித்தது. இன்று பக்கவாதம் வந்தவருக்கு ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதைப் போடுவதற்கு முன் மூளையில் ரத்தக் கசிவு இல்லை என்று தெரிந்தாக வேண்டும், அதைச் சொல்வது சி.டி.தான். முன்பெல்லாம் டாக்டர் பார்த்து ஒரு முடிவுக்கு வந்த பிறகு, அது சரிதானா என்று பார்க்கப் படம் எடுப்பார்கள். இப்போது படம் வந்த பிறகுதான் சிகிச்சையே தொடங்குகிறது.

ஆனால் சி.டி.க்கு ஓர் எல்லை உண்டு. நோயாளியை அந்த அறைக்குக் கொண்டுபோக வேண்டும், மேசையில் அசையாமல் படுக்க வைக்க வேண்டும், கதவை மூடிவிட்டு நாம் வெளியே வர வேண்டும். பி.பி. நிற்காதவரை அங்கே அனுப்பாதே என்று ஒவ்வொரு சீனியரும் ஜூனியருக்குச் சொல்லிக் கொடுப்பது இதனால்தான். வயிற்றுக்குள் ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கும் நோயாளிக்கு சி.டி.யால் பயன் குறைவு. அவருக்குத்தான் கட்டிலுக்கு வரும் அல்ட்ராசவுண்ட் வேண்டும்.

அதில் நாங்கள் செய்வது என்ன என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கோப்பில் ‘அல்ட்ராசவுண்ட்’ என்று எழுதியிருந்தால் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். ஒருவர் பைக்கில் இருந்து விழுந்து வருகிறார். நர்ஸ் இரண்டு கையிலும் ஊசி ஏற்றிக்கொண்டிருக்கிறார், இன்னொருவர் சட்டையை வெட்டுகிறார். அந்த நேரத்திலேயே வலது விலாவுக்குக் கீழே ஜெல் தடவி, கருவியோடு இணைந்த, கையில் பிடிக்கும் புரோபை வைக்கிறோம். கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவே கறுப்பாக ஒரு கோடு தெரிந்தால் அது தேங்கிய ரத்தம். சுமார் 200 மில்லி சேர்ந்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். அப்புறம் இடது பக்கம் மண்ணீரலைச் சுற்றி, அடிவயிற்றில் சிறுநீர்ப்பைக்குப் பின்னால், நெஞ்செலும்புக்குக் கீழே இதயத்தைச் சுற்றி. கடைசியாக நெஞ்சின் இரண்டு பக்கமும் வைத்து, மூச்சு விடும்போது நுரையீரல் உறை வழுக்குகிறதா என்று பார்க்கிறோம். வழுக்கவில்லை என்றால் நெஞ்சுக்குள் காற்று அடைத்திருக்கலாம். படுக்க வைத்து எடுக்கும் எக்ஸ்-ரே இதைப் பல நேரம் தவறவிடும். மொத்தமும் மூன்று நான்கு நிமிடம். ரத்தம் இருக்கிறதா, இல்லையா என்ற ஒரே கேள்விதான். இருக்கிறது, பி.பி.யும் விழுகிறது என்றால் நேராக ஆபரேஷன் தியேட்டருக்கு. இல்லை என்று காட்டினால் அதை நம்பி வீட்டுக்கு அனுப்பிவிட மாட்டோம், திரும்பத் திரும்பப் பார்ப்போம்.

இதைவிட என்னை அதிகம் உறுத்துவது இன்னொரு வகை நோயாளி. ஓர் இரவு இருபத்து சில வயதுப் பெண் ஒருவரை அவருடைய மாமியார் அழைத்து வந்தார். பாத்ரூமில் மயங்கி விழுந்துவிட்டாராம். முகம் வெளுத்திருந்தது, அடிவயிற்றில் கை வைக்க விடவில்லை, பி.பி. எண்பதைத் தாண்டவில்லை. மாதவிலக்கு தள்ளிப்போய்ச் சில வாரம் ஆகியிருந்தது, சிறுநீர் கார்டு டெஸ்ட்டில் இரண்டு கோடு. கருக்குழாயில் கரு தங்கி வெடித்திருக்கிறது என்று அங்கிருந்த எல்லோருக்கும் சந்தேகம். புரோபை வைத்திருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். ஸ்கேன் அறை பூட்டியிருந்தது. பதிவில் பெயர் உள்ள டாக்டருக்கு அன்று விடுமுறை. மகப்பேறு மருத்துவர் ஓடி வந்து வயிற்றில் ஊசியைக் குத்தி இழுத்தார். உறையாத ரத்தம் சிரிஞ்சில் ஏறியது. உடனே தியேட்டர். அந்தப் பெண் பிழைத்துவிட்டார். ஆனால் யோசித்துப் பாருங்கள். வயிற்றில் ஊசியைக் குத்துவதற்கு எந்தப் பதிவும் வேண்டாம், எந்தப் படிவமும் வேண்டாம். ஜெல் தடவித் தோலின் மேல் வைத்துப் பார்ப்பதற்கு வேண்டும்.

ஆறேழு வாரக் கருவில் ஆணா பெண்ணா என்று அல்ட்ராசவுண்டில் யாராலும் பார்க்க முடியாது. அதற்குக் குறைந்தது பன்னிரண்டு வாரமாவது ஆக வேண்டும். கர்ப்பிணிக்கு ஸ்கேன் செய்யும்போது நிரப்ப வேண்டிய, இந்தச் சட்டத்தின் ‘எஃப்’ படிவமே, கர்ப்பிணிக்கு ஸ்கேன் செய்யலாம் என்று தரும் காரணங்களில் கரு கர்ப்பப்பைக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று பார்ப்பதைத்தான் முதலில் வைத்திருக்கிறது. ஆக, என்ன பார்க்கிறோம் என்பதில் சிக்கல் இல்லை. யார் பார்ப்பது, எங்கே பார்ப்பது என்பதில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறோம்.

சட்டம் வேண்டாம் என்று கேட்கவில்லை. சேலத்தில் 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் ஏன் தொடங்க வேண்டியிருந்தது என்பது இந்த மாநிலத்துக்குத் தெரியும். 1994-ல் வந்த சட்டம், 2003-ல் இன்னும் இறுக்கப்பட்டது. அந்த இறுக்கம் தேவையாகத்தான் இருந்தது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஆறு வயதுக்கு உட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 943 பெண் குழந்தைகள்தான். முந்தைய கணக்கெடுப்பில் 942. பத்து வருடத்தில் ஒன்றே ஒன்று கூடியிருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு சட்டத்தைத் தளர்த்துங்கள் என்று எந்த டாக்டரும் கேட்க முடியாது.

ஆனால் விதிகளை எழுதியபோது மனதில் இருந்தது தெருமுனை ஸ்கேன் சென்டர். கருவியைக் காரில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனவர்களைத் தடுக்க 2012-ல் ஒரு விதி வந்தது. கையடக்கக் கருவியைப் பதிவான வளாகத்துக்குள் உள்நோயாளிகளுக்கு மட்டும் பயன்படுத்தலாம், இல்லையென்றால் பல சேவைகள் தரும் நடமாடும் மருத்துவ வாகனத்தில் வைத்துக்கொள்ளலாம். நியாயம்தான். ஆனால் காஷுவால்டி ஸ்ட்ரெச்சரில் கிடப்பவர் இன்னும் உள்நோயாளி ஆகவில்லை. அட்மிஷன் சீட்டு வர அரை மணி நேரம் ஆகும். அதேபோல், பதிவில் இடம்பெற வேண்டிய மருத்துவர் ஸ்கேனில் பட்ட மேற்படிப்பு முடித்தவராக, அல்லது 2014 விதிகளின்படி ஆறு மாதப் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். அவசர சிகிச்சை மருத்துவம் தனித் துறையாக இந்தியாவில் ஏற்கப்பட்டது 2009-ல். சட்டம் வந்த காலத்தில் அப்படி ஒரு துறையே கிடையாது.

இதற்கு நடுவே டியூட்டி டாக்டர் என்ன நினைப்பார்? முதல் குற்றத்துக்கே மூன்று வருடம் வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். படிவத்தில் விடுபடும் ஒரு கட்டத்தையும் வெறும் எழுத்துப் பிழையாகப் பார்க்க முடியாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நமக்கு ஏன் வம்பு என்று பெரிய மருத்துவமனைக்கு ரெஃபர் சீட்டு எழுதிவிடுவார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் அந்த ஆம்புலன்ஸ் அறுபது கிலோமீட்டர் ஓடும்போது உள்ளே ரத்தம் கசிந்துகொண்டேதான் இருக்கும்.

கதிரியக்க மருத்துவ நண்பர்கள் இதை எதிர்ப்பார்கள் என்று தெரியும். அரைகுறையாகக் கற்றவர் கையில் புரோப் போனால் தப்பும் தவறுமாகப் பார்ப்பார் என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. பித்தப்பைக் கல்லையும் சிறுநீரகக் கட்டியையும் நாங்கள் பார்க்கப் போவதில்லை, அறிக்கை எழுதப் போவதும் இல்லை. காலையில் அவர்கள் வந்து முழு ஸ்கேன் செய்யட்டும். இதயத்தைக் காதில் கேட்க ஸ்டெதஸ்கோப் இருப்பது எப்படியோ, எங்களுக்கு இந்தப் புரோபும் அப்படித்தான்.

தவறாகப் பயன்படுத்துவார்களே என்பது கனமான ஆட்சேபம். அதற்கு வழி இருக்கிறது. மகாராஷ்டிராவின் கோலாப்பூரில் ஸ்கேன் கருவிகளோடு இணைத்து, எடுக்கும் படங்களைப் பதிவு செய்யும் ஒரு பெட்டியைப் பல வருடங்களுக்கு முன்பே வைத்துப் பார்த்தார்கள். நம் காஷுவால்டி கருவிகளில் ஒவ்வொரு படமும் நேரத்தோடு தானாகச் சேமிக்கப்படட்டும். மாவட்ட அதிகாரி எப்போது வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கட்டும். கருவியைச் சுவரோடு சங்கிலி போட்டுக் கட்டினாலும் எனக்குச் சம்மதம். போலீஸ் அவுட்போஸ்ட், கேமரா, இரவெல்லாம் நூறு பேர் நடமாட்டம் என்று இருக்கும் சிவப்புப் பகுதியில் போய் யாரும் ரகசியமாகப் பாலினம் பார்க்கப் போவதில்லை.

இதில் பாதி வேலையை மாநில அரசே செய்யலாம். ஒவ்வொரு விபத்து சிகிச்சை மையத்தின் காஷுவால்டியையும் சட்டப்படி பதிவான இடமாக்கி, அங்கே ஒரு கருவியை நிரந்தரமாக வைக்கலாம். ஆறு மாதப் பயிற்சி இடங்களை அவசர சிகிச்சை மருத்துவர்களுக்கு முதலில் ஒதுக்கி, முடித்தவர்கள் பெயரை உடனே பதிவில் சேர்க்கலாம். காஷுவால்டிக்கு வந்தவரை இந்த விதிக்காக உள்நோயாளியாகக் கருதலாம் என்று ஒரு பக்கச் சுற்றறிக்கை போடலாம். மறுபாதிக்கு, இந்தச் சட்டத்துக்கான மத்திய மேற்பார்வை வாரியத்துக்கு எழுத வேண்டும். உயிர் காக்கும் இந்தக் குறுகிய ஸ்கேனுக்கு மட்டும் தனிப் பயிற்சி, தனிப் பதிவேடு என்று விதியில் ஒரு பிரிவு சேர்க்கச் சொல்லி தமிழ்நாடே முதலில் கேட்கலாம்.

இதோடு சேர்த்துச் சின்னதாக ஒன்று. ரெஃபர் ஆகிப் போகிறவரின் சி.டி. படம் அவருக்கு முன்னால் அந்த மருத்துவமனைக்குப் போய்ச் சேர ஏற்பாடு வேண்டும். இப்போது படம் வீட்டுக்காரர் கையில் இருக்கிறது, பல நேரம் ஆம்புலன்சிலேயே விடுபட்டுப் போகிறது. அங்கே போனதும் மறுபடி எடுக்கிறார்கள். தலை சி.டி. ஒன்றில் சுமார் 2 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு, வயிற்று சி.டி.யில் அதைப்போல் மூன்று நான்கு மடங்கு. வீணாகும் அரை மணி நேரம் தனி.

தேசிய நெடுஞ்சாலையை ஒட்டிய சில தாலுகா மருத்துவமனைகளில் ஆறு மாதம் இதைச் சோதனையாக நடத்திப் பாருங்கள். சேமித்த படங்களைக் கதிரியக்க மருத்துவர்களே திருத்தட்டும். எத்தனை சரி, எத்தனை தவறு, எத்தனை பேர் ரெஃபர் ஆகாமல் அங்கேயே தியேட்டருக்குப் போனார்கள் என்ற கணக்கை வெளியிடுங்கள். அதைப் பார்த்துவிட்டு, தொடர்வதா நிறுத்துவதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

இப்படிக்கு,
அரசு மருத்துவமனை அவசர சிகிச்சை மருத்துவர் ஒருவர்