ஹாகி கிண்ணத்தில் நீர் கசிவது குறித்து ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

எங்களிடம் வாங்கிய பழைய ஹாகி தேநீர்க் கிண்ணம் (ஜப்பானின் ஹாகி ஊர் மண்கிண்ணம்) ஒன்று கசிந்து மேசை நனைந்திருக்கும் படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. ‘விரிசல் விட்டதைத் தலையில் கட்டிவிட்டார்கள்’ என்ற வரியும் அதோடு சேர்ந்து வருகிறது. நெடுநாள் வாடிக்கையாளர்களுக்கு இது புதிதல்ல. மற்றவர்களுக்காகச் சொல்லியாக வேண்டும்.

அது விரிசல் இல்லை. ஹாகி மண் சூளையில் வெந்த பிறகும் முழுக்க இறுகாது, நீரை உறிஞ்சும். ஆறும்போது மண்ணைவிட மேற்பூச்சு அதிகம் சுருங்குவதால் பூச்சில் வலைபோல நுண்கீறல்கள் விழும். தேநீர் அவற்றின் வழியே இறங்கி, ஆண்டுகள் போகப்போகக் கிண்ணத்தின் நிறத்தையே மாற்றும். 1592-98-ல் ஜப்பான் கொரியாமீது படையெடுத்தபோது அங்கிருந்து ஜப்பானுக்குக் கொண்டுவரப்பட்ட குயவர்களிடம் தொடங்கிய மரபு இது. சேகரிப்பவர்கள் விலை கொடுப்பதே அந்த நிறமாற்றத்துக்குத்தான். அதைச் சிலர் அழுக்கு என்கிறார்களே என்பதுதான் எங்களுக்கு வருத்தம்.

நிஜ விரிசல் பெரும்பாலும் விளிம்பில் தொடங்கும். உள்ளும் புறமும் ஒரே கோட்டில் ஓடும். நுண்கீறல் பூச்சோடு நின்றுவிடும். சுண்டிப் பார்த்து ஒலியை வைத்து முடிவு செய்யாதீர்கள். குறைந்த சூட்டில் வெந்த ராக்கு (இன்னொரு ஜப்பானிய மண்பாண்ட வகை), ஹாகி கிண்ணங்கள் பழுதில்லாமலே மந்தமாகத்தான் ஒலிக்கும்.

தேநீர் கலக்குமுன் கிண்ணத்தை வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊற வையுங்கள். மண் முதலில் நீரைக் குடித்துவிட்டால் தேநீர் திட்டுத்திட்டாக இறங்காது. சோப்பு வேண்டாம், வாசனை மண்ணிலேயே தங்கிவிடும். கழுவியபின் நிழலில் கவிழ்க்காமல் மூன்று நான்கு நாள் காயவிட்டுப் பெட்டியில் வையுங்கள். ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடிக்கும். அப்படியும் கசிந்தால், நீர்த்த சோற்றுக் கஞ்சியை இளஞ்சூட்டில் ஊற்றி இரவு முழுக்க விட்டு, அலசிக் காய வையுங்கள். மாவுச்சத்து துளைகளை அடைக்கும். கிண்ணத்தை அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடக் கூடாது, முன்பு உடைந்து ஒட்டிய இடம் இருந்தால் விட்டுப்போகும்.

உடைந்த கிண்ணத்தை உருஷி என்ற மரப்பாலால் ஒட்டித் தங்கப்பொடி தூவும் தங்க ஒட்டு பற்றியும் ஒரு வார்த்தை. உருஷி காற்றின் ஈரத்தில்தான் இறுகும். ஒவ்வொரு பூச்சும் ஈரப்பெட்டியில் காத்திருக்க வேண்டும். ஒரே வாரத்தில் முடித்துத் தருவது பெரும்பாலும் எபாக்சி என்ற செயற்கைப் பசையும் பித்தளைப் பொடியும்தான். எங்கள் ஒட்டுக் கைவினைஞர் விலகிவிட்டதால் இனி ஆறு மாதம் ஆகும். கட்டணம் அன்றைய தங்க விலைப்படி.

படம் பரவியபோதும் எங்களுக்காகப் பேசிய அத்தனை பேருக்கும் மனமார்ந்த நன்றி. சந்தேகம் இருந்தால் உட்புறம், வெளிப்புறம், அடிப்பாதம் மூன்றையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறோம்.

இப்படிக்கு,
கடையினர்