உச்சிக்குப் போகாமல் திரும்பியது பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் நம் மலையேற்றக் குழு ஒன்று உச்சிக்கு அரை மணி நேரம் இருக்கையில் திரும்பிய கதை இந்நேரம் உங்கள் போனுக்கும் வந்திருக்கும். "நல்ல வெயில், கைடுக்குத்தான் சோம்பல்" என்று அதில் எழுதியிருக்கிறார்கள். மற்ற குறைகளைக் கேட்டுக்கொள்கிறோம். சோம்பல் என்ற சொல்லை மட்டும் அப்படியே விட மனம் வரவில்லை.

வெயில் அடித்தது உண்மைதான். ஆனால் பக்கத்து முகட்டுக்குப் பின்னால் மேகம் கோபுரமாக எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே மின்னல் வெட்டியதும் கைடு நின்று விநாடிகளை எண்ணினார். 24-இல் இடி கேட்டது. ஒலி ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய 3 விநாடி ஆகும். அப்படியென்றால் மின்னல் 8 கிலோமீட்டரில் இருக்கிறது. மழை பெய்யும் இடத்திலிருந்து 10 கிலோமீட்டருக்கு அப்பாலும், தலைக்கு மேல் நீலவானம் இருக்கும்போதே மின்னல் விழும். இடி காதில் விழுந்தாலே முகட்டில் நிற்கக் கூடாது.

பாறைக் குடைவில் ஒதுங்கியிருக்கலாமே என்றும் கேட்கிறார்கள். மின்னலில் பாதிக்கப்படுகிறவர்களில் பெரும்பாலோர் நேரடியாக அடிபட்டவர்கள் இல்லை, தரை வழியே பரவும் மின்சாரத்தில் சிக்கியவர்கள். ஆழமில்லாத குடைவில் நின்றால் அந்த மின்சாரம் நம் உடம்பு வழியாகத் தாவலாம். கூடாரமும் காக்காது.

இறங்கும்போது ஆளுக்கு ஆள் இடைவெளி விடச் சொன்னதும் அலட்சியத்தால் இல்லை. ஒரே மின்னலில் எல்லோரும் விழுந்துவிட்டால் யார் யாருக்கு உதவுவது? அடிபட்டவர் உடம்பில் மின்சாரம் தங்காது, பயப்படாமல் தொடலாம். மூச்சும் நாடியும் நின்றிருந்தால் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும். அதற்கு ஓர் ஆளாவது நிற்க வேண்டுமே.

கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருந்து மறுபடி ஏறியிருக்கலாம்தான். ஆனால் வெயிலில் சூடான சரிவுகளிலிருந்து ஈரக்காற்று மேலெழும் பிற்பகலில் ஒரு மேகம் கலைந்தால் இன்னொன்று திரளும். அதனால் நண்பகலுக்குள் உச்சியைத் தொட்டு இறங்கிவிடும்படி இனி அதிகாலை 2 மணிக்கே கிளம்புகிறோம். வானிலையால் திரும்பினால் கட்டணம் திருப்பித் தர இயலாது.

வருடக்கணக்கில் எங்களை நம்பி வருகிறவர்களுக்கும், இந்தப் பேச்சு கிளம்பியதும் முதல் ஆளாகக் கூப்பிட்டு "கைடு எப்படி இருக்கிறார்?" என்று விசாரித்தவர்களுக்கும் மனமார்ந்த நன்றி. அவர் நன்றாக இருக்கிறார். அடுத்த குழுவையும் அவர்தான் அழைத்துப் போகிறார்.

அன்புடன்,
உங்கள் மலையேற்ற நிறுவனத்தார்