பெட்டிக்காரரின் கால்களையும் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சாயல்குடி, தொண்டிப் பக்கம் திருவிழா என்றால் விடிய விடிய நாடகம் நடக்கும், பாடுகிறவருக்குக் கைதட்டுகிறோம், ஆனால் கால் ஆர்மோனியம் வாசிக்கிற பெட்டிக்காரர் ராத்திரி முழுக்க மிதித்துக் காற்று கொடுத்துக்கொண்டே இருப்பதை யாரும் கவனிப்பதில்லை. எங்கள் ஊர்ப் பெட்டிக்காரருக்குச் சர்க்கரை. பாதம் மரத்துவிட்டது. மிதி எவ்வளவு இறங்கியது என்று காலுக்குத் தெரியாததால் சத்தம் ஒரு நேரம் பொங்குகிறது, ஒரு நேரம் அமுங்கிவிடுகிறது, அவர் குனிந்து காலைப் பார்த்துப் பார்த்து மிதிக்கிறார். மனசு கேட்கவில்லை.

அமெரிக்காவின் பெடல் ஸ்டீல் கிட்டாரில் இடது காலால் பெடலை அமுக்கினால் கம்பியின் சுருதியே மாறும், வலது கால் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும், கால் மரத்தால் அங்கேயும் இதே பாடுதான். பெடல் தெரியவேண்டும் என்று மெல்லிய அடிப்பாகம் உள்ள ஷூ போடுகிறவர்கள் உண்டு. நம்மவர் வெறுங்காலில் மிதிக்கிறார், அதுதான் பயம், மரத்த காலில் ஆணி கிழித்தாலும் தெரியாது.

விழாக் கமிட்டிக்காரர்களே, விளிம்பு தொடையை அழுத்தாத நாற்காலி கொடுங்கள், நடுவில் எழுந்து நடக்கவும் விடுங்கள். அப்புறம், பெட்டிக்காரர்களே, 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவருகிறவர்களிடம் பாதத்தையும் காட்டுங்கள். பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று நைலான் இழையால் தொட்டுப் பார்க்கும் சோதனை சில நிமிட வேலைதான். எரிச்சலும் மரப்பும் பி12 சத்துக் குறைவாலும் வரும், வயசுக் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு நாடக ரசிகர், சாயல்குடி