ஜேம்ஸ் மெக்கென்சியின் நூல்கள்: நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. பேத்திக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்த செய்தி எங்கள் வீட்டில் அனைவரையும் மகிழ்வித்தது. இதய மருத்துவத்தில் நாட்டமுள்ள அவளுக்குப் பாடநூல்களுக்கு அப்பால் எதைப் படிக்கக் கொடுக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். ஓய்வுபெற்ற பின் சர் ஜேம்ஸ் மெக்கென்சியின் நூல்களை வெளிவந்த வரிசையிலேயே படித்து வருகிறேன். ஆகவே அவரைப் பற்றியே எழுதுகிறேன்.

ஸ்காட்லாந்தில் 1853-இல் பிறந்த மெக்கென்சி, 1879 முதல் இங்கிலாந்தின் பர்ன்லி என்னும் பஞ்சாலை நகரத்தில் குடும்ப மருத்துவராக இருந்தவர். அவர் பார்த்துவந்த ஓர் இளம்பெண் பிரசவத்தின்போது இதயம் செயலிழந்து இறந்துபோனார். எந்த இதயக் கோளாறு உயிரைப் பறிக்கும், எது தீங்கற்றது என்று சொல்ல அக்கால நூல்கள் உதவாததால், அதைத் தம் நோயாளிகளிடமே கற்க அவர் முடிவு செய்தார். மணிக்கட்டு நாடியையும் கழுத்துச் சிரையின் துடிப்பையும் ஒரே நேரத்தில் பதிவுசெய்யும் பாலிகிராஃப் கருவியை உருவாக்கினார். பக்கத்து ஊரான பாடிஹாமின் கடிகாரக் கைவினைஞர் ஷா, பின்னர் அதை மையால் எழுதும் கருவியாகச் செய்து கொடுத்தார்.

அந்தப் பதிவுகளின் விளைவே 1902-இல் வந்த ‘தி ஸ்டடி ஆஃப் தி பல்ஸ்’. அவருடைய நூல்களில் நான் முதலிடம் தருவது இதற்கே. இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மைட்ரல் வால்வு சுருங்கிய ஒரு பெண்ணை 1880-களிலிருந்து அவர் தொடர்ந்து பார்த்து வந்தார். 1898-இல் அப்பெண்ணின் நாடி திடீரென்று முற்றிலும் ஒழுங்கிழந்தபோது, மேலறையின் சுருக்கத்தைக் காட்டும் அலை கழுத்துச் சிரைப் பதிவிலிருந்து மறைந்திருந்தது. பழைய பதிவுகள் கையில் இருந்ததால்தான் அந்த மறைவு அவர் கண்ணில் பட்டது. மேலறை செயலிழந்துவிட்டதாக அவர் கருதினார். பின்னர் வேறு விளக்கமும் கூறிப் பார்த்தார். அது மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பதை 1909-இல் இ.சி.ஜி. கொண்டு நிறுவியவர், மெக்கென்சியால் ஊக்கம் பெற்ற மருத்துவர் தாமஸ் லூயிஸ். மெக்கென்சியின் விளக்கம் திருத்தப்பட்டது. அவர் கண்டெழுதிய உண்மையோ அப்படியே நிலைத்தது. ஒரே நோயாளியை ஆண்டுக்கணக்கில் பார்க்கும் வாய்ப்பு பெரிய மருத்துவமனைகளைவிடக் குடும்ப மருத்துவருக்கே அதிகம் என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் கண்டதில்லை.

1907-இல் லண்டனுக்குக் குடிபெயர்ந்த மறு ஆண்டே ‘டிசீஸஸ் ஆஃப் தி ஹார்ட்’ வெளிவந்து, அவரைப் புகழின் உச்சிக்குக் கொண்டு சென்றது. இடையிடையே கூடுதலாக வரும் துடிப்புகள் பெரும்பாலும் தீங்கற்றவை என்று அவர் உறுதியாகச் சொன்னதால், இதயநோயாளி என்று முத்திரை குத்தப்பட்டுப் படுக்கையில் கிடந்த எத்தனையோ பேர் வழக்கமான வாழ்வுக்குத் திரும்பினர். மேலறை ஒழுங்கிழந்த நோயாளிகளுக்கே டிஜிடாலிஸ் என்னும் இதய மருந்து சிறப்பாகப் பயன்படுகிறது என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார்.

1923-இல் வந்த ‘ஆஞ்சைனா பெக்டோரிஸ்’ நூலைப் படிக்கும்போது மனம் கனத்தது. தமக்கே இருந்த நெஞ்சுவலியைத் தம் பெயரைச் சொல்லாமல் நோயாளிகளில் ஒருவருடையதாக, மற்றவர்களைப் பற்றி எழுதிய அதே நிதானத்துடன் அதில் விவரித்திருக்கிறார். அந்நோயாலேயே 1925 ஜனவரியில் காலமானார். அவர் விருப்பப்படியே இதயம் ஆய்வு செய்யப்பட்டு, அதன் விவரம் 1939-இல் மருத்துவ இதழில் வெளியானது.

பேத்திக்கு 1902-ஆம் ஆண்டு நூலையே முதலில் கொடுங்கள். நாடிப் பதிவுகளின் படங்களை அவசரமின்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஐயம் எழுந்தால் நேரடியாக எனக்கே எழுதட்டும். 1908-ஆம் ஆண்டு நூலைத் தாங்கள் படித்து முடித்ததும், அதில் சிகிச்சை பற்றிய பகுதிகள் குறித்துத் தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அன்புடன்,
தங்கள் பழைய நண்பன்