பங்கு வாங்கப் போகும் பெறாமகனுக்கு

அன்புள்ள பெறாமகனுக்கு,

வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து மிச்சம் பிடித்த பணத்தைக் கொழும்புப் பங்குச் சந்தையில் போடப் போகிறாய் என்று உன் அம்மா சொல்லி அறிந்தேன். நகை, காணி, நிலையான வைப்பு ஆகிய மூன்றையும் விட்டால் வேறு முதலீடே இல்லையென நினைக்கும் நம் குடும்பத்தில் நீ இப்படி யோசித்தது எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் வாட்ஸ்அப் குழுவொன்றில் வந்த ஒரேயொரு பெயரை நம்பி, தரகர் தரும் கடனையும் சேர்த்து, அத்தனையையும் அந்த ஒரு பங்கிலேயே போடப் போகிறாய் என்று கேட்டதும் மனம் பொறுக்கவில்லை. உன் வயதுப் பிள்ளைகள் பலர் இத்தகைய குழுக்களில் இருப்பதால் எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

நம்முடைய சந்தை மிகச் சிறியது. பட்டியலிடப்பட்ட கம்பனிகள் முந்நூறுகூட இல்லை. அவற்றிலும் பலவற்றின் பங்குகளில் பெரும்பகுதி ஒரு குடும்பத்திடமோ தாய்க் கம்பனியிடமோ முடங்கிக் கிடக்க, சொற்பமே கைமாறுகிறது. அப்படிப்பட்ட பங்கொன்றின் விலையை ஏற்றப் பெரும் பணம் தேவையில்லை. காலை 9.30 மணிக்குச் சந்தை திறந்ததும் தரகரின் செயலியில் அந்தப் பங்கின் வாங்குவோர் வரிசையைப் பார். 14 ரூபாவுக்கு இரண்டு இலட்சம் பங்குகள் கேட்கப்படுவதாகத் தெரியலாம். அதற்குக் கீழே 13 ரூபாவுக்கு ஐந்நூறும், 12 ரூபாவுக்கு இருநூறும் மட்டுமே நிற்கலாம். மேலே நிற்கும் அந்த ஒற்றைக் கோரிக்கை விலக்கிக்கொள்ளப்பட்ட கணத்தில், உன்னுடைய இருபதாயிரம் பங்குகளை யார் வாங்குவார்? குழுவில் பெயரைச் சொன்னவர் தான் எப்போது விற்பார் என்பதை உன்னிடம் சொல்லப் போவதில்லை.

அடிக்கடி வாங்கி விற்பதற்கான செலவையும் கணக்கிட்டுப் பார். தரகுக் கட்டணமும் வரியும் ஏனைய கட்டணங்களுமாக வாங்கும்போது 1.12 சதவீதம், விற்கும்போது மீண்டும் 1.12 சதவீதம் போகிறது. ஐந்து இலட்சம் ரூபாவை மாதம் ஒருமுறை போட்டு எடுப்பவர் விலை ஏறினாலும் இறங்கினாலும் ஆண்டுக்கு ஏறக்குறைய 134,400 ரூபா, அதாவது போட்ட பணத்தில் கால்பங்குக்கு மேல், கட்டணமாகவே கொடுத்துவிடுகிறார். ஒருமுறை வாங்கிப் பத்து ஆண்டுகள் வைத்திருப்பவருக்கு அதே செலவு அந்தப் பத்து ஆண்டுகளுக்கும் சேர்த்து ஒரேயொரு தடவைதான்.

அதற்காக, எதையாவது வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டு வைத்திரு என்று நான் சொல்வதாக எண்ணாதே. சந்தையிலுள்ள எல்லாப் பங்குகளின் விலைப் போக்கையும் ஒரே எண்ணில் காட்டும் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண், போர் முடிந்த 2009 இல் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. 2010 இலும் ஏறத்தாழ இரட்டிப்பானது. 2011 பெப்ரவரியில் 7,800 ஐத் தொட்டபோது சந்தைக்குள் ஓடி வந்தவர்கள், 2012 இன் நடுப்பகுதியில் அது 5,000 க்குக் கீழே விழுந்ததைப் பார்த்தார்கள். பழைய உயரத்தை அது மீண்டும் தாண்ட 2021 ஜனவரி ஆகிவிட்டது. அந்தப் பத்து ஆண்டுகளில், ஒழுங்காகப் பங்கிலாபம், அதாவது இலாபத்தில் பங்குதாரருக்குரிய பங்கு, கொடுத்த நல்ல வங்கிகளின் பங்குகளையும் உற்பத்திக் கம்பனிகளின் பங்குகளையும் மாதந்தோறும் சிறுகச் சிறுக வாங்கியவரின் நிலை வேறு, உச்சியில் கடன் வாங்கி ஊகப் பங்கை வாங்கியவரின் நிலை வேறு. முன்னவர் விலை விழுந்தபோது அதே பணத்துக்குக் கூடுதல் பங்கு வாங்கினார். பின்னவருக்கோ காத்திருக்கும் உரிமையே இல்லை. கடனுக்கு ஈடாக நிற்கும் பங்குகளின் பெறுமதி குறைந்ததும் தரகரே அவருடைய பங்குகளை விற்றுக் கடனைக் கழித்துக்கொள்வார். கடன்தான் என்னை எல்லாவற்றிலும் அதிகமாகக் கவலைப்பட வைக்கிறது. 2022 ஏப்ரலில், நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென அறிவித்த பின், சந்தையையே ஒரு வாரம் மூடி வைத்தார்கள். திறந்த அன்றும் விலைகள் சரிந்ததால் வியாபாரம் இடையில் நிறுத்தப்பட்டது. அத்தகைய வாரத்தில் தாக்குப்பிடிக்க, பணம் உன் சொந்தப் பணமாகவும், ஐந்தாறு ஆண்டுகளுக்கு உனக்குத் தேவைப்படாததாகவும் இருக்க வேண்டும்.

நீ சொல்லும் கம்பனியின் கடைசி ஐந்து ஆண்டறிக்கைகளும் பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. இலாபத்தைப் பார்ப்பதோடு நின்றுவிடாமல் உண்மையில் வந்த காசையும் போன காசையும் காட்டும் காசுப் பாய்ச்சல் கூற்றையும் பார். இலாபம் காட்டிய ஆண்டுகளில் தொழிலிலிருந்து உண்மையில் காசு வந்ததா, பங்கிலாபம் அந்தக் காசிலிருந்து கொடுக்கப்பட்டதா அல்லது புதிதாகக் கடன் வாங்கிக் கொடுக்கப்பட்டதா என்று குறித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா, இருவரும் சேர்ந்து பார்ப்போம். அதுவரை தரகரின் கடன் ஒப்பந்தத்தில் மட்டும் கையெழுத்து வைக்காதே.

அன்புடன்,
சித்தப்பா
வெள்ளவத்தை